கொம்பியூட்டர் கொறித்த ஒரு நிமிடம்

"தங்கச்சி, என்ர நிமிசத்தைத் தாரும். நான் வந்த வழியே போறன்."

வெள்ளவத்தையில் கோல் றோட்டில் இருந்து கடற்பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையின் வாசலில் அந்தக் கடை இருந்தது. முன்பக்கம் வெளிநாட்டுக்கு ரெலிபோன் எடுக்கிற கூடுகள். பின்பக்கம் கொம்பியூட்டரில் சாதகம் கணிக்கிற மேசை. அந்த மேசைக்கு முன்னால் நின்றுதான் நான் அப்படிக் கேட்டேன். உள்ளே மெசினுக்காகப் போட்ட குளிர். எனக்கு முழங்கால் விறைத்தது. சீலைத் தலைப்பை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டேன்.

ரெலிபோன் கூட்டுக்குள் நின்ற ஒரு மனிசன் ரிசீவரைக் காதில் இருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். கனடாக்காரர் அந்தப் பக்கத்தில் "ஹலோ, ஹலோ" என்று கத்துவது எனக்கே கேட்டது.

மேசையில் இருந்த பிள்ளை முக்காட்டைச் சரிசெய்துகொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். பெயர் பர்ஹானா. அந்தச் சாதகக் கணக்கை மெசினுக்குச் சொல்லிக் கொடுத்ததே அவள்தான் என்று பிறகு அறிந்தேன்.

"என்ன நிமிசம் அன்டி?"

"நீங்கள் எடுத்த நிமிசம். என்ர மகள் யசோதா பிறந்தது விடியப்புறம் அஞ்சு பத்துக்கு. உங்கட கடை தந்த பேப்பரில அஞ்சு ஒன்பது எண்டு கிடக்கு. மிச்ச நிமிசம் எங்க?"

எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெடியன், "ஒரு நிமிசந்தானே அம்மா" என்றான். சிரிப்பு வேறு.

"தம்பி, நீர் பிள்ளை பெத்திருக்கிறீரோ?"

"இல்லை."

"அப்ப பேசாமல் நில்லும். அந்த ஒரு நிமிசம் எவ்வளவு நீட்டு எண்டு உமக்குத் தெரியாது."

ஆறில் இருந்த செவ்வாய்

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. எழுத்து எனக்குத் தடக்கும். இந்தப் பத்தியைக்கூட ஒவ்வொரு கிழமையும் தடக்கித் தடக்கித்தான் எழுதுகிறேன். ஆனால் இலக்கம் தடக்காது. பஸ் நம்பர், வீட்டு நம்பர், பிள்ளை பிறந்த நேரம், ஒன்றும் பிழைக்காது. ஆகவேதான் வீட்டில் எல்லாரும் சந்தோசத்தில் இருந்தபோது நான் மட்டும் அந்தத் தாளின் தலைப்பில் இருந்த 5.09 ஐக் கண்டேன்.

யசோவின் முதல் சாதகம் மட்டையில் எழுதினது. கொட்டாஞ்சேனை வீட்டு அலுமாரியோடு அது எரிந்த கதையை முந்திய கிழமை ஒன்றில் சொல்லிவிட்டேன். திரும்பச் சொல்ல மனம் இல்லை. அலுமாரி போனாலும் அதில் இருந்தது என் வாயில் இருந்தது. கன்னி லக்கினம். ஆறில் செவ்வாய். ஒரு குற்றமும் இல்லாத சுத்த சாதகம். தண்ணீர்க் குழாயடியில் சொல்லியிருக்கிறேன், கோயிலில் சொல்லியிருக்கிறேன், மாதா கோயில் பெருநாளுக்குப் போனபோது அங்கே மெழுகுதிரி வித்தவளிடமும் சொல்லியிருக்கிறேன். எனக்கு நகை இல்லை, காணி இல்லை. மகளின் சாதகம் இருந்தது.

இனி கிருபாவின் கதை. பம்பலப்பிட்டியில் ஒரு பார்மசியில் வேலை செய்த பெடியன். யசோ கொள்ளுப்பிட்டியில் ஒரு கந்தோரில் வேலை. என்னுடைய பிரசர் குளிசை வாங்க அவள் அந்தப் பார்மசிக்குப் போவாள். எனக்குப் பிரசர் அப்படியொன்றும் பெரிதாக இல்லை. ஆனால் குளிசை மட்டும் வீட்டில் குறையவே இல்லை. ஒரு நாள் மேசை இழுப்பறையைத் திறந்து பார்த்தால் ஒரு ஆஸ்பத்திரிக்கே காணுமளவு குளிசை. அப்போதுதான் விசயம் விளங்கியது.

கிருபாவின் அம்மா பரமேஸ், தென்மராட்சிப் பக்கத்து மனிசி. சண்டைக்குள் இடம்பெயர்ந்து வந்து, இந்தக் கொம்பியூட்டர் கடை இருக்கிற அதே ஒழுங்கையில் ஒரு மேல்வீட்டில் வாடகைக்கு இருந்தா. நல்ல மனிசி. ஆனால் ஒரே ஒரு நிபந்தனை. "என்ர பிள்ளைக்கு ஏழில செவ்வாய். செவ்வாய் உள்ள பொம்பிளைப் பிள்ளைதான் எங்களுக்குச் சரிவரும். மற்றதெல்லாம் பிறகு பாப்பம்."

எங்கள் சனத்தின் கணக்குத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். செவ்வாய் ஏழாம் வீட்டில் இருந்தால் குற்றம், ஆறில் இருந்தால் குற்றம் இல்லை. குற்றம் உள்ளவருக்குக் குற்றம் உள்ளவரைத்தான் சேர்க்க வேண்டும். அப்படி இல்லாமல் சேர்த்தால் குற்றம் இல்லாதவரின் உயிருக்கு ஆகாது என்பார்கள்.

நான் பரமேஸின் நிபந்தனையைக் கேட்டதும், சரி, இது முடிந்தது என்று நினைத்தேன். யசோ சோறு சாப்பிடவில்லை. அடுத்த கிழமை தானே போய் வெள்ளவத்தையில் புதிதாகச் சாதகம் எடுத்துக்கொண்டு வந்தாள். பார்த்தால் சிம்ம லக்கினம். ஏழில் செவ்வாய். பொருத்தம் என்றால் அப்படி ஒரு பொருத்தம். பரமேஸ் போனில் அழுதே விட்டா.

அது என்ன உங்களிட்டைச் சோறோ கேக்குது

"அம்மா, பொருந்தீட்டுது. விடுங்கோவன்."

"உனக்குச் செவ்வாய் இல்லையடி."

"இருந்திட்டுப் போகட்டும். அது என்ன உங்களிட்டைச் சோறோ கேக்குது?"

"நேரம் பிழையாக் கிடக்கு. பத்தெண்டு இருக்க வேணும்."

"ஒரு நிமிசம் அம்மா."

"அந்த ஒரு நிமிசத்திலதான் லக்கினம் மாறுது. சந்தியில பிறந்த பிள்ளை நீ. பழைய சாத்திரியார் அப்பவே சொன்னவர், இந்தப் பிள்ளை கொஞ்சம் முந்தியிருந்தால் சிம்மம், வயித்துக்குள்ள பொறுமையா இருந்தபடியால் கன்னி எண்டு."

யசோ என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. "நான் பொறுமையா இருந்தது காணும் அம்மா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். வாளியில் தண்ணீர் விழுகிற சத்தம் கனநேரம் கேட்டது.

பெருமைக்காகத்தான் நான் வெள்ளவத்தைக்குப் போனேன் என்று அவள் நினைத்தாள். பெருமை ஒரு பங்குதான். மற்றப் பங்கு பயம். காலையில் வேலைக்குப் போன பிள்ளை பின்னேரம் வந்து சேரும் மட்டும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்த காலம் அது. செக் பொயின்ற், சுற்றிவளைப்பு, எங்கேயோ ஒரு வெடிச்சத்தம். இத்தனைக்கும் நடுவில், குற்றம் இல்லாத என் பிள்ளையைக் கொண்டுபோய் ஏழில் செவ்வாய் உள்ளவனுக்குக் கொடுத்து, அந்த வழியாலும் ஒரு ஆபத்தை ஏன் நான் கூப்பிட வேண்டும்? கொம்பியூட்டர் சொன்னது பிழை என்றால் கலியாணம் நிற்கும். சரி என்றால் என் பெருமை போகும். இரண்டில் ஒன்றைத் தெரியாமல் எனக்கு நித்திரை இல்லை.

"கொம்பியூட்டர் கடையடிக்குப் போறன். வேலை முடிய அங்க வா, சேர்ந்து பஸ்ஸில வீட்டை போவம்" என்று அவளுக்குச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். போகிற வழியில் பேக்கரியில் ஒரு நீட்டு றோஸ் பாண் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன், இரவுக்கு.

பழைய நேரம், புதிய நேரம்

நேரம் என்றால் அந்த நாளில் ஒரு பகிடி. கரண்ட் காணாது என்று அரசாங்கம் ஒரு நாள் முழு நாட்டின் மணிக்கூட்டையும் முன்னுக்குத் தள்ளச் சொன்னது. கொஞ்ச மாதம் போக, இல்லை, அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பி எடுங்கள் என்றது. வடக்கில் சில இடங்களில் பழைய நேரத்திலேயே இருந்தார்கள். எங்கள் வீட்டில் சுவர் மணிக்கூடு ஒரு நேரம், யசோவின் கைமணிக்கூடு ஒரு நேரம், கோயில் மணி ஐயர் எழும்புகிற நேரம். கலியாணக் கார்ட்டில்கூட "புதிய நேரம்" என்று அடித்தார்கள். பழைய நேரத்துக்கு வந்தவர்கள் சாப்பாடு முடிந்த பிறகு வந்து வாழையிலை எடுக்கிறதைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

யசோ பிறந்தது இந்தக் குழப்பம் எல்லாம் வருவதற்கு முந்தி. புரட்டாதி மாதம், மழை. பெரியாஸ்பத்திரி வார்ட்டில் பிள்ளைப்பேறு பார்த்த மிஸி சிங்களத்தில் "பஹய் தஹயய்" என்று சத்தமாகச் சொன்னா. அஞ்சு பத்து. அந்த இரண்டு சொல்லும்தான் நான் என் பிள்ளையைப் பற்றிக் கேட்ட முதல் செய்தி. ஆணா பெண்ணா என்று அதற்குப் பிறகுதான் சொன்னா.

பாண் வெட்டிக் காட்டிய பிள்ளை

பர்ஹானா யசோவின் பெயரைத் தட்டிக் கண்டுபிடித்தாள். எழுத்துத் தெரிகிற மெசின் கண்ணாடியை என் பக்கம் திருப்பினாள்.

"பாருங்க அன்டி, நான் அடிச்சது அஞ்சு புள்ளி பத்து. சரியாத்தான் ஈக்கு."

"பேப்பரில?"

பேப்பரைப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். திரும்பப் பேப்பரைப் பார்த்தாள். "அல்லாஹ்வே" என்று மெதுவாகச் சொன்னாள்.

உள் அறையில் இருந்து கடைச் சாத்திரியார் எட்டிப் பார்த்தார். "என்ன பிள்ளை பிரச்சினை? ஒரு நிமிசம் அப்பிடி இப்பிடித்தான் அம்மா, பெரிசா எடுக்கக் கூடாது."

"போன கிழமை என்ர மகளுக்கு லக்கினச் சந்தி எண்டு விளங்கப்படுத்தினது நீங்கள்தானே ஐயா? அப்ப ஒரு நிமிசம் பெரிசா இருந்ததோ?"

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

பர்ஹானா என்னவோ எல்லாம் தட்டினாள். கண்ணாடியில் எழுத்து மேலே மேலே ஓடியது. கடைசியில் ஒரு இடத்தில் நிறுத்திவிட்டுக் கதிரையில் சாய்ந்து சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் சிரித்தது தன்னைப் பார்த்து என்று பிறகுதான் சொன்னாள்.

"அன்டி, நம்ம ஆக்கள் நேரத்த எப்படி எழுதுற? அஞ்சு, புள்ளி, பத்து. நானும் அப்படியே அடிச்சேன். மெஷின் அத நேரம்டு எடுக்கல்ல. ஒரே நம்பர்டு எடுத்துட்டு. அஞ்சும், அதுக்குப் பொறகு பத்துல ஒரு பங்கும்."

"அதுக்கு?"

"அதுக்குப் பத்துல ஒரு பங்க முழுசா எழுதத் தெரியாது."

இவ்வளவு குளிருக்குள் வைத்துப் பார்க்கிற மெசினுக்கு இது தெரியாதா என்று கேட்டேன். அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். என் பைக்குள் இருந்து பாணின் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இத வெட்டவா அன்டி? வேற வாங்கித் தாறன்."

"வெட்டும்."

மேசையில் பழைய தாள் ஒன்றை விரித்துப் பாணை வைத்தாள். தாளில் அடிமட்டம் வைத்து, பாணின் நீளத்தைப் பத்தாகப் பிரித்து, முதல் பங்கில் ஒரு கோடு போட்டாள். "இந்தக் கோடு மட்டும் பாண் வேணும். ஆனா மெஷினுக்கு ஒரே வேலதான் தெரியும். பாதியா வெட்டுற. பொறகு அந்தப் பாதிய பாதியா வெட்டுற. வேற மாதிரி வெட்டத் தெரியாது."

எனக்கு அது புதுமையாக இல்லை. பாண் கடைக்காரனும் அப்படித்தான். அரை றாத்தல் கேட்டால் வெட்டுவான், கால் றாத்தல் கேட்டால் வெட்டுவான். பத்தில் ஒரு பங்கு பாண் தா என்று கேட்டால் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பான்.

அவள் வெட்டினாள். அரை, கோட்டைத் தாண்டியது. கால், தாண்டியது. அரைக்கால், அதுவும் கொஞ்சம் தாண்டியது. அதில் பாதி, வீசம். அது கோட்டுக்குக் கிட்டப் போகவில்லை. சரியென்று அதை வைத்தாள். அதற்குப் பக்கத்தில் இன்னொரு துண்டு, வீசத்தில் பாதி. இப்போது கோட்டுக்குக் கிட்ட வந்துவிட்டது, ஆனால் ஒரு இடைவெளி. அடுத்த பாதியை வைத்தால் கூடிப்போகும். அதில் பாதியும் கூடிப்போகும். அதிலும் பாதியை வைக்கலாம். அதற்குள் பாண் துண்டு போய்த் தூளாகிவிட்டது. தூளைப் பாதியாக்கி விரல் நுனியால் வைத்தாள். கோடு இன்னும் தெரிந்தது.

"எப்ப முடியும்?" என்று கேட்டேன்.

"முடியாது அன்டி. எத்தன தூள் வச்சாலும் கோட்டத் தொடாது. மெஷின் ஒரு அளவுக்கு வச்சுப்போட்டு, மத்தத் தூள ஊதி விட்டுரும்."

ஊதியும் காட்டினாள். தூள் சாத்திரியாரின் பஞ்சாங்கத்தில் போய் விழுந்தது.

அப்படித் தூள் குறைந்த நம்பரை எடுத்து நிமிடமாக்கினால் பத்து வராதாம். கண்ணாடியில் காட்டினாள். ஒன்பது, புள்ளி, பிறகு ஒன்பது ஒன்பதாக எறும்பு வரிசை மாதிரி ஒரு கரையில் இருந்து மறுகரை மட்டும். "இது பத்துத்தான் அன்டி, ஒரு தூள்தான் கொற. ஆனா நான் மெஷினுக்குச் சொல்லி வச்சிருக்கேன், நிமிசத்துல புள்ளிக்குப் பொறகு வாறது ஒன்டும் வேணாம், வெட்டி எறிடு. அது அவ்வளவு ஒன்பதையும் வெட்டி எறிஞ்சுட்டு."

"எறிய ஒன்பது மிஞ்சினது."

"ஓ."

பத்து ஆவதற்கு ஒரு தூள் குறைந்ததற்காக ஒரு நிமிடத்தையே எடுத்துவிட்டது. எங்கள் பள்ளிக்கூடத்துச் சட்டம்பியாரும் இப்படித்தான். ஒரு கொம்பு விட்டால் முழுச் சொல்லையும் வெட்டுவார்.

"எல்லாருக்குமோ இப்பிடி?"

"இல்ல. அதான் இவ்வளவு நாளா எனக்கே தெரியல்ல. அஞ்சு இருபதுக்குப் பொறந்தா ஒரு கரச்சலும் இல்ல. அஞ்சு முப்பதுக்குப் பொறந்தா ஒரு நிமிசம் போகும். கடசித் தூள மெஷின் சில நேரம் ஊதாம கூட்டி வச்சிரும், சில நேரம் ஊதிரும்."

அவள் அப்போதே மெசினுக்கு வேறு விதமாகச் சொல்லிக் கொடுத்தாள். புள்ளிக்கு முன்னால் ஒரு நம்பர், பின்னால் ஒரு நம்பர், இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்காதே என்று. திரும்ப அடித்தாள். தாள் கிறீச் கிறீச் என்று வெளியே வந்தது. மு.ப. 5.10. கன்னி லக்கினம். ஆறில் செவ்வாய்.

என் நிமிடம் கைக்கு வந்துவிட்டது. தாள் இன்னும் சூடாக இருந்தது. தலை நிமிர்ந்து கடையைச் சுற்றி ஒருமுறை பார்த்தேன். பகிடி பண்ணின பெடியன் போய்விட்டான், அது ஒன்றுதான் குறை.

பிறகுதான் யசோவின் முகம் ஞாபகம் வந்தது.

அஞ்சிலும் பத்திலும் பிறந்த சனம்

"கிருபா எண்டு ஒரு பிள்ளையின்ர சாதகமும் இஞ்சதான் எடுத்தது. அதையும் ஒருக்காத் திருப்பிப் பாரும்" என்றேன். இரவு எட்டு இருபது. அவனுக்கும் ஒரு நிமிடம் போய்த்தான் இருந்தது. திருப்பிக் கொடுத்தாள். ஆனால் செவ்வாய் அசையவில்லை. ஏழிலேயே இருந்தது.

நான் கதிரையில் இருந்துவிட்டேன். பர்ஹானா ஒரு கிளாஸ் தண்ணீர் தந்தாள். ஆரைப் பற்றி நான் கேட்டேன் என்று அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். மெசினைக் காட்டிச் சொன்னாள்.

"அன்டி, இப்ப பெழ தேடக்குள்ள ஒன்டு கண்டேன். இதுல ஈக்கிற ஆக்கள் எல்லாரும் அஞ்சிலயும் பத்திலயும்தான் பொறந்திருக்காங்க. ஆறு பத்து, ஆறு பதினஞ்சு, ஆறு இருபது. ஆறு பதிமூன்டுக்குப் பொறந்தவங்க ஒருத்தரக் காணல்ல."

"அதெப்பிடி?"

"பிள்ள அந்தந்த நேரத்துலதான் பொறந்திருக்கும். எழுதினவங்க அஞ்சுக்கும் பத்துக்கும் தள்ளி எழுதியிருக்காங்க."

நான் அந்த வார்ட்டை நினைத்துப் பார்த்தேன். மணிக்கூடு என் கட்டிலடியில் இல்லை. நடை ஓடையின் அந்தக் கடைசித் தொங்கலில் இருந்தது. மிஸி பிள்ளையைத் தூக்கி, தொப்புளை வெட்டி, துடைத்து, மற்றவளிடம் கொடுத்துவிட்டுத்தான் அங்கே நடந்து போனா. நல்ல கொழுத்த மனிசி, ஆறுதலாகத்தான் நடப்பா. திரும்பி வந்து சொன்ன சொல்தான் அஞ்சு பத்து.

"அப்ப எது பிள்ளை சரி? ஒன்பதோ, பத்தோ?"

"எனக்குத் தெரிஞ்சது மெஷின் பெழ விட்ட எடம் மட்டும்தான் அன்டி. ஒங்கட மகள் பொறக்கக்குள்ள நான் அங்க இல்லயே."

நான் அங்கே இருந்தேன். ஆனால் எனக்கும் அப்போது மணிக்கூடு பார்க்க நேரம் இல்லை.

கடைசி பஸ்

பரமேஸிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். பழைய தாளே பொருத்தம் என்று சொல்கிறது, புதிய தாளைக் கிழித்துக் கடலில் போட்டிருந்தால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் நான் ஒளித்துக் கொடுத்த சாதகத்தில் என் பிள்ளை போய் இன்னொரு வீட்டில் இருப்பதா? ஒழுங்கையால் நடந்து மேல்வீட்டுப் படி ஏறினேன்.

பரமேஸ் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. இரண்டு தாளையும் மேசையில் வைத்து, பாணில் இருந்து மிஸி மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். மனிசி உரித்த வெங்காயத்தை ஒதுக்கி வைத்தா. எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றினா. சீனி போட மறந்துவிட்டா. நான் கேட்கவும் இல்லை. கசப்போடு குடித்தேன். இந்த வீட்டுக் கடைசித் தேத்தண்ணி என்று மனதுக்குள் ஒரு எண்ணம்.

"அக்கா" என்றா கடைசியில். "கிருபா ஆஸ்பத்திரியில பிறக்கேல்லை."

"பிறகு?"

"வீட்டில. மழையும் காத்தும். மருத்துவிச்சி மட்டும்தான். வீட்டு மணிக்கூடு சாவி குடுக்காமல் எப்பவோ நிண்டுபோச்சு. பிள்ளை அழுத நேரம் றோட்டால கடைசி பஸ் போற சத்தம் கேட்டது. என்ர மச்சான் சொன்னார், கடைசி பஸ் எங்கட சந்தியைத் தாண்டுறது எட்டு இருவதுக்கு, அதையே எழுதுங்கோ எண்டு."

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"அந்த பஸ் நேரத்துக்கு ஓடுறதோ?"

"ஒரு நாளும் ஓடினதில்லை அக்கா. சாவகச்சேரியில டிரைவரின்ர பெண்சாதி வீடு. அவர் சாப்பிட்டு வெளிக்கிட்டால்தான் பஸ்."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பரமேஸுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. வெங்காயக் கையால் கண்ணைத் துடைத்து, கண் எரிந்து, அழுதுகொண்டே சிரித்தா. "அண்டைக்கு அவருக்கு என்ன கறியோ தெரியாது. மீன்குழம்பு எண்டால் என்ர பிள்ளைக்குச் செவ்வாய் எட்டிலயோ ஆறிலயோ."

"இவ்வளவு காலமும் ஒருத்தருக்கும் சொல்லேல்லையோ?"

"ஆர் கேட்டவை? எல்லாரும் நேரத்தைத்தான் கேக்கினம். எங்கால வந்த நேரமெண்டு கேக்கிறேல்லை."

"அப்ப இப்ப என்ன செய்வம்?"

பரமேஸ் இரண்டு தாளையும் பார்த்தா. வாயைத் திறந்தா. அதற்குள் கீழ்வீட்டுக்காரி படியில் நின்று கூப்பிட்டாள். "பரமேஸ் அக்கா, கொள்ளுப்பிட்டிப் பக்கம் றோட்டை மூடிப்போட்டாங்களாம். என்னவோ வெடிச்சதாம். பஸ் ஒண்டும் வரேல்லை."

ஒழுங்கை வாசல்

படி எப்படி இறங்கினேன் என்று தெரியாது. முழங்கால் இருந்ததாகவே ஞாபகம் இல்லை.

இரண்டு பேரும் ஒழுங்கை வாசலில் வந்து நின்றோம். கோல் றோட் வெறுமையாகக் கிடந்தது. வேலைவிட்ட நேரத்தில் அப்படி ஒரு அமைதியை அந்த றோட்டில் நான் கண்டதில்லை. கடல் சத்தம் றோட்டு மட்டும் கேட்டது. கடைக்காரர் பாதிக் கதவை இழுத்துவிட்டு வெளியே நின்றார்கள். பர்ஹானா உள்ளே இருந்து கந்தோருக்கும் பார்மசிக்கும் மாறி மாறி ரெலிபோன் அடித்தாள். ஒரு இடத்தில் மணி அடித்துக்கொண்டே இருந்ததாம். மற்ற இடத்தில் லைன் இல்லையாம்.

"என்ன உடுத்துக்கொண்டு போனவ?" பரமேஸ் கேட்டா.

"நீலச் சீலை. தம்பி?"

"வெள்ளைச் சேட்டு. வேற நிறம் அவனிட்டை இல்லை." பிறகு, "ஐடென்ரிற்றி கார்ட் கொண்டு போனவவோ?"

"அவள் குளிக்கப் போனாலும் அது பக்கத்தில இருக்க வேணும்."

"இவனும் அப்பிடித்தான். போன மாசம் தலகாணிக்குக் கீழ வைச்சிட்டு வீடெல்லாம் தேடினவன்."

பிறகு பரமேஸ் என் கையைப் பிடித்துக்கொண்டா. வெங்காய மணம். நானும் விடவில்லை.

ஆட்கள் நடந்து வரத் தொடங்கினார்கள். முதலில் ஒன்று இரண்டு. பிறகு கூட்டம் கூட்டமாக, பையைத் தலையில் வைத்துக்கொண்டு, பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு. ஒவ்வொரு நீலச் சீலையும் யசோவாகத் தெரிந்தது. ஒவ்வொரு வெள்ளைச் சேட்டுக்கும் பரமேஸின் கை என் கையை இறுக்கியது. கொழும்பில் இத்தனை பேர் வெள்ளைச் சேட்டுப் போடுகிறார்கள் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

"அங்க" என்றா பரமேஸ்.

இரண்டு பேரும் சேர்ந்துதான் வந்தார்கள். சந்திக்குச் சந்தி செக் பண்ணி விட்டதில் கனநேரம் நின்றிருக்கிறார்கள் என்று முகம் சொன்னது. யசோ வெறும் காலோடு நடந்தாள், வார் அறுந்த செருப்பு கிருபாவின் கையில் இருந்தது. மற்றக் கையில் அவளுடைய குடை. கொள்ளுப்பிட்டியில் இருந்து அவள் தனியாக நடந்து வருவாள் என்று பார்மசி வாசலில் அவன் காவல் நின்றானாம். எங்களைக் கண்டதும் அரை அடி விலகினார்கள். செருப்பை எங்கே வைக்கிறது என்று கிருபாவுக்குத் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

யசோ என்னைப் பார்த்தாள், பரமேஸைப் பார்த்தாள், நாங்கள் கைபிடித்து நின்றதைப் பார்த்தாள்.

"என்னம்மா, ரெண்டு பேரும் றோட்டில நிண்டு என்ன செய்யிறியள்?"

பரமேஸ்தான் பதில் சொன்னா.

"ஒண்டும் இல்லைப் பிள்ளை. உங்கட கலியாணத்துக்கு நேரம் பாத்துக்கொண்டு நிக்கிறம்."